கூரையில் சன்னல் வேண்டாம்

பெவர்லி, யார்க்‌ஷயர்
9 ஜனவரி 2014

அன்புள்ள டெரிக்,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் மடங்குகிறதா, இல்லையா? போனில் கேட்டால் "நல்லாதான் இருக்கேன்" என்று சொல்லி, அங்கே எத்தனை டிகிரி வெயில் என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுபத்தெட்டு வயதிலும் நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. தொப்பி போட்ட கங்காருவைக் கணப்புக்கு மேலே நிறுத்தியிருக்கிறேன். அடியில் நீ எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். "ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கப்போறேன் அக்கா. எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை." நாற்காலி எதற்கடா? உனக்கு ஓர் அறையே போட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டு அறைக்குப் பின்னால், தோட்டத்தைப் பார்த்தபடி வால்டர் கட்டின கண்ணாடி அறை நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் கண்ணாடி, கூரை பிளாஸ்டிக் தகடு. ஜூலையில் அடுப்பு, ஜனவரியில் ஐஸ் பெட்டி. வருஷத்தில் ஆறு வாரம் மனிதர் உட்காரலாம், மீதி நாளெல்லாம் தக்காளிச் செடிக்குத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மழை பெய்தால் அந்தத் தகட்டுச் சத்தத்தில், டிவியில் யார் யாரைக் கொன்றார்கள் என்றே தெரியாது. என் புருஷன் கெட்டிக்காரர்தான், கட்டடம் தவிர மற்ற எல்லாவற்றிலும்.

அதைத்தான் பன்னிரண்டு மாதமும் குடியிருக்கிற அறையாக மாற்றப்போகிறேன். உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. நாற்பத்தோரு வருஷம் ஆஸ்திரேலிய வெயிலில் காய்ந்தவனுக்குக் குளிரும் ஆகாது. டாரன் என்று ஒரு கொத்தனார் வந்து பார்த்தான். முப்பது வயதிருக்கும், என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறான். "இந்தக் கூரையைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுக்கூரை ஏத்தணும் கண்ணு. இல்லேன்னா நீங்க காசு குடுத்து வானத்தைத்தான் சூடு பண்ணிக்கிட்டு இருப்பீங்க" என்றான். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

உன் அக்கா,
மேவிஸ்

---

மண்டூரா, மேற்கு ஆஸ்திரேலியா
2 பிப்ரவரி 2014

அன்புள்ள மேவிஸ் அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் மடங்குகிறது, நிமிரத்தான் யோசிக்கிறது. இங்கே நாற்பத்தொரு டிகிரி. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அறை விஷயம் கேட்டு மிகவும் சந்தோஷம். ஆனால் எனக்காகச் சிரமப்படாதே. நான் எந்த மூலையிலும் முடங்கிக்கொள்வேன். நான் வருவது எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை, இங்கே ஒன்றிரண்டு வேலைகள் கிடக்கின்றன. அதனால் அவசரம் எதுவும் இல்லை. டாரனுக்கு வேறு வேலை இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளட்டும்.

உன் நெஞ்சுச் சளி தேவலையா?

உன் அன்புத் தம்பி,
டெரிக்

---

(அனுப்பாதது)

2 பிப்ரவரி

மேவிஸ்,

மேலே கண்ட கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு இதை எழுதுகிறேன். இதைத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

நான் வரப்போவதில்லை. அட்டையில் பாதி இடம் வெள்ளையாகக் கிடந்தது, அதை நிரப்பத்தான் அந்த வரியை எழுதினேன். 'ஒரு நாள் வருகிறேன்' என்று எழுதாத ஆள் நம் ஊரில் உண்டா? யாராவது அதற்காகக் கூரையைக் கழற்றுவார்களா? வாய் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்பார்கள். நான் பேனா கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இந்த வீட்டில் என்னோடு லோரெய்ன் இருக்கிறாள். மூன்று வருஷமாக இருக்கிறாள். போன ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை வராது, பேச்சு பாதிதான் வரும். காலையில் அவள் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அவளை விட்டுவிட்டுக் கடைக்குப் போவதற்கே எனக்கு முக்கால் மணி நேரம்தான்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? பெரில் எனக்கு மனைவியாவதற்கு முன்னாலேயே உனக்குச் சிநேகிதி. அவள் சாகக் கிடந்தபோது நீ பறந்து வந்து ஐந்து வாரம் அவளைக் குளிப்பாட்டினாய். திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில், "இனிமே உனக்கு நான், எனக்கு நீ, அவ்வளவுதான்டா" என்றாய். நான் தலையாட்டினேன். பெரில் போய் இரண்டே வருஷத்தில் லோரெய்ன் வந்துவிட்டாள். அந்தத் தலையாட்டலை எடுத்துக்கொண்டு உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இதை அலமாரியில் வைக்கிறேன். அடுத்த முறை அனுப்பிவிடுவேன்.

---

பெவர்லி
3 மார்ச் 2014

அன்புள்ள டெரிக்,

எல்லோரும் நலம், அதாவது நானும் பூனையும். சளி போய்விட்டது. எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே, பேனா புதிது.

கவுன்சில் ஆய்வாளர் வந்தார். வீட்டுக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் இருக்கிற கதவை எடுக்கக் கூடாதாம். கூரை, சுவர், தரை மூன்றும் குளிர் தாங்குகிறது என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எடுக்கலாமாம். அதுவரைக்கும் அது அறை இல்லை, 'வெளிக்கட்டு'தானாம். "என் தம்பி வந்து தங்கப்போற எடம், வெளிக்கட்டுன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஆறடி ஆள், காது சிவந்து, "ஆகட்டும்மா, அறைன்னே எழுதிக்கறேன்" என்றார்.

தரைக்கு அடியில் குளிர் ஏறாமல் நுரைப்பலகை, அதன்மேல் மரம். சுவரோரம் அறையைச் சூடாக்க ஒரு ரேடியேட்டர். இதெல்லாம் முடிவாகிவிட்டது. ஒன்றே ஒன்று உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. டாரன் சொல்கிறான்: "ஓட்டுக்கூரை போட்டா உள்ள இருட்டாயிடும். பக்கத்துல இருக்கிற சாப்பாட்டு அறைக்கும் வெளிச்சம் வராது. மேல ரெண்டு சன்னல் வெட்டி வைக்கலாம், சொல்லுங்க" என்று. எனக்கு எதற்குச் சன்னல்? நீதான் குடியிருக்கப்போகிறவன். உனக்கு வேண்டுமென்றால் வைக்கச் சொல்கிறேன், வேண்டாமென்றால் வேண்டாம். கூரை மரம் அறுக்கிறதற்கு முன்னால் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. டப்பாவில் அடைத்ததையே தின்றுகொண்டிருக்காதே.

உன் அக்கா,
மேவிஸ்

---

மண்டூரா
30 மார்ச் 2014

அன்புள்ள மேவிஸ் அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம். நீ நலமாக இருப்பதில் சந்தோஷம். பூனைக்கும் என் விசாரிப்பு.

கூரையில் சன்னல் வேண்டாம். எனக்காகக் கூடுதல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. இங்கே வேண்டிய அளவு வெயிலைப் பார்த்தாகிவிட்டது, எனக்கு நிழல்தான் பிடிக்கும். உண்மையில், இதையெல்லாம் நீ உனக்காகச் செய்வதாக நினைத்துச் செய்தால் எனக்கு இன்னும் நிம்மதி. நான் வருவது தள்ளிப்போனாலும் அறை வீணாகாது பார்.

மருத்துவர் முழங்காலுக்கு ஏதோ பரிசோதனை சொல்லியிருக்கிறார். அது முடிந்தால்தான் பயணம் பற்றித் தெரியும்.

குளிரில் வெளியே சுற்றாதே.

அன்புத் தம்பி,
டெரிக்

---

பெவர்லி
28 ஏப்ரல் 2014

அன்புள்ள டெரிக்,

நலம், நலம். பரிசோதனையில் என்ன சொன்னார்கள்?

கூரை ஏறிவிட்டது! பழைய தகட்டைக் கழற்றிய அன்றைக்கே வானம் பொத்துக்கொண்டது. மேலே தார்ப்பாய், கீழே நாலு வாளி, நடுவில் டாரன். "யார்க்‌ஷயர்ல கூரையைத் தொறந்தா மேகத்துக்குக் கடுதாசி போட்ட மாதிரி கண்ணு" என்றான். ஆனாலும் ஒன்பது நாளில் முடித்துவிட்டான். ஓடு போட்டு, நுரைப்பலகை அடைத்து, உள்ளே வெள்ளைப் பூச்சு. இப்போது மழை பெய்தால் சத்தமே இல்லை. நான்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, பெய்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். டாரனுக்குத் தினம் மூன்று வேளை டீ. சர்க்கரை என்று நினைத்து ரெண்டு நாளும் உப்பையே போட்டிருக்கிறேன். அவன் பாட்டுக்குக் குடித்து, "அருமையா இருக்கு" என்று கோப்பையைக் கழுவியும் வைத்துவிட்டான். மூன்றாம் நாள் நானே ஒரு வாய் குடித்தபோதுதான் தெரிந்தது.

"ஏண்டா சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான். எங்க அம்மா போடுற டீ இதைவிட மோசம்."

இப்படி ஓர் ஊர்! வீடு பற்றி எரிந்தாலும், 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

சாப்பாட்டு அறையில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அதனால் என்ன, பழகிவிடும். உனக்கு நிழல் பிடிக்குமே. சாய்வு நாற்காலி வந்துவிட்டது. டிக்கெட் எப்போது எடுக்கிறாய்?

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
மேவிஸ்

---

பெவர்லி
20 மே 2014

மதிப்புக்குரிய டெரிக் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் பிரெண்டா. உங்கள் அக்காவுக்கு அடுத்த வீடு. இருபத்திரண்டு வருஷமாகப் பழக்கம். இந்தக் கடிதம் எழுதுவது மேவிஸுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலிக்கு மேலே இனி என்னோடு பேசமாட்டார்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிவிட்டது. ஓரத்தில் தெரிகிறது, நேரே பார்த்தால் ஒரு சாம்பல் திட்டுதானாம். போன அக்டோபரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார், இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவன் பாவம், பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு ஒத்தையா இருக்கான். இதுவேற எதுக்கு அவன் தலையில" என்றார்.

நவம்பரில் பால் காய்ச்சும்போது அவர் கை வெந்துவிட்டது. அதன் பிறகு கவுன்சிலிலிருந்து முதியோர் நலம் பார்க்கிற ஓர் அம்மா வந்து, இனிமேல் தனியாக இருக்க முடியாது, முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கலாம் என்றார். மேவிஸ் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் உங்கள் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் காட்டி, "என் தம்பி வந்து கூடவே இருக்கப்போறான், அவனுக்கு அறை கட்டறேன்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் சரி என்று பொறுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய கண்ணாடி அறையில்தான் மேலிருந்து நேராக வெளிச்சம் விழும். அங்கே உட்கார்ந்துதான் அவரால் உங்கள் கடிதங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படிக்க முடிந்தது, எழுத முடிந்தது. விளக்கு வெளிச்சம் போதவில்லை என்கிறார். கூரையில் சன்னல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாரனும் நானும் கெஞ்சினோம். "அவனைக் கேட்டிருக்கேன், அவன் சொல்லட்டும்" என்றார். உங்கள் பதில் வந்ததும், "அவனுக்கு வேண்டாமாம்" என்று முடித்துவிட்டார்.

கூரை ஏறியதிலிருந்து உங்கள் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். நீங்கள் வரப்போகிறீர்கள் என்பதால் எனக்குக் கவலை இல்லை. தேதி மட்டும் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பிரெண்டா

---

மண்டூரா
12 ஜூன் 2014

அன்புள்ள மேவிஸ்,

பிரெண்டாவைத் திட்டாதே. உன் கண்ணைப் பற்றி எழுதிவிட்டாள். ஒரு வாரமாகக் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அழுகை மட்டும் வருகிறது. இந்த வயதில் அழுதால் முகமெல்லாம் வலிக்கிறது அக்கா.

நான் வரமுடியாது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் மனம் நோகக் கூடாது என்று ஒவ்வொரு கடிதத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், அந்த டாரன் உப்பு டீ குடித்த மாதிரி. எனக்கு லோரெய்ன் என்று ஒரு துணை இருக்கிறாள். பெரில் போன இரண்டாம் வருஷத்திலிருந்து இருக்கிறாள். நீ என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். போன வருஷம் பக்கவாதம் வந்து அவள் பாதி ஆளாகிவிட்டாள். அவளுக்கும் என்னை விட்டால் யாரும் இல்லை. விமானத்தில் அவளால் வரமுடியாது, அவளை விட்டுவிட்டு என்னாலும் வரமுடியாது.

கூரையில் சன்னல் வேண்டாம் என்று எழுதியது உனக்குச் செலவும் தொல்லையும் வேண்டாமே என்றுதான். வராத ஒருவனுக்கு எதற்குச் சன்னல் என்றும் நினைத்தேன். அது உன் வெளிச்சம் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. டாரனை உடனே கூப்பிடு, கூரையை அறுத்து வைக்கச் சொல். செலவு முழுதும் என்னுடையது.

என்ன செய்வதென்று நீயே சொல். சின்ன வயதிலிருந்து நீதானே சொல்வாய்.

டெரிக்

---

பெவர்லி
1 ஜூலை 2014

மதிப்புக்குரிய டெரிக் அவர்களுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. மேவிஸ் புது அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "படி பிரெண்டா, தேதி போட்டிருக்கானா பார்" என்றார். நான் பிரித்தேன். முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'நான் வரமுடியாது' என்ற இடத்துக்கு வந்தேன். அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தார், நேராக இல்லை, ஓரப் பார்வையில். நான் வாயைத் திறந்தேன். முழங்கால் தேவலை என்றேன். உன்னைப் பார்க்கத் துடியாய்த் துடிக்கிறேன் அக்கா என்றேன். செப்டம்பரில் வருகிறேன் என்றேன். எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை.

"நல்லது. போய் டீ போடு" என்றார்.

உங்கள் கடிதம் என் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. அதை உங்கள் அக்காவுக்கு மறுபடி எப்படிப் படித்துக் காட்டுவது? நான் என்ன செய்ய வேண்டும்? ஏதாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிரெண்டா

---

பெவர்லி
6 ஜூலை 2014

டெரிக்,

இது நானே எழுதுவது. தடித்த கறுப்புப் பேனா, ஒரு தாளுக்கு ஆறு வரிதான் வருகிறது. தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன் நலம் கேட்கக்கூட இடம் இல்லை, நலமாக இரு.

பிரெண்டா நல்லவள், ஆனால் பொய் வராது. 'துடியாய்த் துடிக்கிறேன்' என்று நீ பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் டீ போடப் போனபோது மேசையில் தடவிப் பார்த்தேன். மூன்று தாள். அவள் படித்தது அரைத் தாள். வருகிறவன் அரைத் தாள் எழுதுவான். வராதவன்தான் மூன்று தாள் எழுதுவான்.

மீதி இரண்டரைத் தாளில் என்ன இருந்தது என்று அவளை நான் கேட்கவில்லை. நீயும் திரும்ப எழுதாதே. காரணம் இல்லாமல் நீ அப்படிச் செய்யமாட்டாய். அது எனக்குப் போதும்.

என் கண்ணைப் பற்றி பிரெண்டா உனக்கு எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் சன்னல் விஷயம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்காகக் கேட்க வாய் வரவில்லை. 'வை அக்கா' என்று நீ சொல்வாய், உன் பேரைச் சொல்லி நான் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். உன்மேல் தப்பில்லை. முடிந்த கூரையை இனி அறுக்க வேண்டாம். கவுன்சில் கையெழுத்தும் வந்துவிட்டது, கதவையும் எடுத்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 14 அன்று கவுன்சில் அம்மா மறுபடி வருகிறாள். தம்பி எங்கே என்று கேட்பாள். நீ வரவில்லை என்று தெரிந்தால் என்னை இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது டெரிக். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இந்த வீட்டில் எனக்குக் கண் வேண்டாம், கையாலேயே எல்லாம் தெரியும். வேறு இடத்தில் நான் குருடி.

அதனால் வருகிறேன் என்று எழுது. தேதி போட்டு எழுது. அப்புறம் முழங்கால் என்று தள்ளிப்போடு. அப்புறம் விமானம் என்று தள்ளிப்போடு. ஒவ்வொரு தள்ளலுக்கும் எனக்கு மூன்று மாதம் கிடைக்கும். எத்தனை மூன்று மாதம் வேண்டியிருக்கும்? நிறைய இருக்காது.

அந்த அம்மா முன்னால் பிரெண்டா படிப்பாள். நன்றாக எழுது.

அக்கா

---

மண்டூரா
20 ஜூலை 2014

அன்புள்ள மேவிஸ் அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் மிகவும் நலம். முழங்காலைப் பரிசோதித்துவிட்டு, தாராளமாகப் பயணம் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை மான்செஸ்டரில் இறங்குகிறேன். அங்கிருந்து ரயில். டாரனை ஸ்டேஷனுக்கு அனுப்பு, பெட்டி கொஞ்சம் கனமாக இருக்கும். மொத்தமாக வருவதால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். இங்கே வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். குளிருக்கு ஒரு கோட்டு வாங்கினேன். கடைக்காரர் இந்த ஊருக்கு எதற்கு இவ்வளவு தடிமனான கோட்டு என்று கேட்டார். என் அக்கா எனக்கு ஓர் அறை கட்டி வைத்திருக்கிறாள் என்று சொன்னேன்.

வந்ததும் உன் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்து உனக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறேன். மாலையில் தோட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். இதையெல்லாம் தினமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கவுன்சிலிலிருந்து வருகிற அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அக்கா தனியாக இருக்கிறாளே என்று அவர்கள் கவலைப்பட வேண்டாம். நான் வந்துகொண்டிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
டெரிக்